முழங்கால் ஆபரேஷனுக்குப் பின் எழுந்து நடப்பது எப்படி?

(தோட்டப் பகுதிகளிலிருந்து வந்து சிங்கப்பூர் ஈசூனில் குடியேறிய தொழிலாளர் குடும்பங்களின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இந்தக் கூட்டத்தில் பேச வேண்டுமென்று கேட்டபோது எங்களுக்குத் தயக்கமாகவே இருந்தது. நாங்கள் டாக்டர்கள் அல்ல; மேடைப் பேச்சாளர்களும் அல்ல. நாங்கள் மூன்று தொழிலாளர்கள். மூவருக்கும் முழங்காலில் ரண சிகிச்சை நடந்திருக்கிறது. அந்த ஒரு தகுதியைக் கொண்டுதான் உங்கள் முன் நிற்கிறோம். கைத்தடி இல்லாமல் நிற்கிறோம் என்பதையும் கவனிக்க வேண்டுகிறோம்!

எங்களில் மூத்தவர், ஜொகூர்த் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிவிட்டு, மகனோடு இருக்க இங்கு வந்த அம்மாள். அடுத்தவர், செம்பவாங்கில் கப்பல் பழுதுபார்க்கும் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மூன்றாமவர், புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கட்டுமான வேலைக்கு வந்த இருபத்தெட்டு வயதுத் தம்பி. முதல் இருவருக்கும் தேய்ந்துபோன மூட்டை மாற்றினார்கள். தம்பிக்குச் சாரத்திலிருந்து விழுந்து அறுந்த தசைநாரைச் சரிசெய்தார்கள். மூவரும் கலந்து பேசித் தயாரித்த உரை இது. ஆகையால் 'நாங்கள்' என்று சொல்லும்போது மூவரையும் சேர்த்தே சொல்லுகிறோம்.

நாங்கள் சொல்ல வந்த செய்தி ஒன்றுதான். கத்தி செய்யும் வேலை பாதி. மீதிப் பாதி, ஆபரேஷனுக்குப் பின் வரும் மாதங்களில் நாமே செய்ய வேண்டிய வேலை. அந்த மீதிப் பாதிக்கு நேரம் வேண்டும், சம்பளம் வேண்டும், வீட்டாரின் துணை வேண்டும். இவை கிடைக்காமல், நல்ல டாக்டர் நல்லபடி செய்து முடித்த காலும் விறைத்துப் போவதுண்டு. எங்களில் ஒருவருக்கே அது நடந்தது. அதைப் பின்னால் சொல்லுகிறோம்.

தோழர்களே! நாம் கூடியிருக்கும் இந்த ஈசூன் நமக்கு அந்நியமான ஊர் அல்ல. இந்தப் பெயரே ரப்பரோடு ஒட்டிய பெயர். 1879-ல் பிறந்து 1936-ல் மறைந்த லிம் நீ சூன் என்ற சீன வணிகர் அன்னாசிக்கும் ரப்பருக்கும் பேர்போனவர். இந்த வட்டாரத்தில் தோட்டமும் ஆலையும் வைத்து நடத்தியவர். அவர் பெயரால் ஊர் 'நீ சூன்' என்று வழங்கிற்று. அதே பெயரை மாண்டரின் மொழியில் உச்சரித்ததுதான் 'ஈசூன்'. அன்று ரப்பரும் அன்னாசியும் விளைந்த பூமியில் இன்று அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. குளத்தங்கரையில் 2010-ல் கூ டெக் புவாட் மருத்துவமனை திறக்கப்பட்டது. அதற்குப் பக்கத்திலேயே 2015-ல் ஈசூன் சமூக மருத்துவமனையும் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் சிகிச்சை முடிந்தவர்கள், வீடு திரும்புமுன் உடல் தேறுவதற்கென்றே இருக்கும் இடம் அது. 'ஆபரேஷன் முடிந்தது, வீட்டுக்குப் போ' என்று சொல்லாமல், தேறுவதற்கும் தனியாக ஒரு ஆஸ்பத்திரி கட்டியிருக்கிறார்கள் என்றால், தேறுவது எவ்வளவு பெரிய காரியம் என்று எண்ணிப் பாருங்கள்.

முதலில் முழங்கால் என்பது என்ன என்று பார்ப்போம். தொடையெலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கும் இடம் அது. முன்னால் முட்டிச் சில்லு இருக்கிறது. எலும்பும் எலும்பும் உரசாதபடி இடையில் வழவழப்பான குருத்தெலும்பு இருக்கிறது. எலும்புகள் விலகிப் போகாமல் தசைநார்கள் கட்டிப் பிடித்திருக்கின்றன. ஆனால் இந்த மூட்டை நிமிர்த்தி நம்மை நிற்க வைப்பது தொடையின் முன்பக்கத் தசை. அது நான்கு பிரிவாகத் தொடங்கி, முட்டிச் சில்லில் ஒன்றாய் வந்து சேருகிறது. நாற்காலியிலிருந்து எழுவதும், படி ஏறுவதும், பால் வாளியைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறுவதும் இதன் பலத்தால்தான்.

பால்மரம் வெட்டும் வேலையைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. விடியுமுன் பிரட்டுக்கு நின்று, நிரை நிரையாக நூற்றுக்கணக்கான மரங்களுக்குப் போக வேண்டும். வெட்டுப்பட்டை கீழே இறங்க இறங்க, ஒவ்வொரு மரத்தடியிலும் குனிய வேண்டும், பாதி குந்த வேண்டும், எழ வேண்டும். பிறகு மரம் மரமாகப் பாலெடுத்து, வாளிகளைக் காண்டாக் கம்பில் தொங்கவிட்டு, மேடும் பள்ளமும் கடந்து ஸ்டோருக்குச் சுமக்க வேண்டும். இப்படி முப்பது வருஷம் உழைத்த முழங்கால் தேயாமல் என்ன செய்யும்? குந்துவதும் மண்டியிடுவதும் பாரம் தூக்குவதுமாக ஆண்டுக்கணக்கில் உழைப்பவர்களுக்கு மூட்டுத் தேய்வு அதிகம் வருகிறது என்பதை மருத்துவ உலகமும் ஒப்புக்கொண்டிருக்கிறது. எங்கள் அம்மாளுக்குக் கடைசியில் எலும்போடு எலும்பு உரசிற்று. இரவில் புரண்டு படுக்கவும் முடியவில்லை.

அத்தகைய மூட்டின் தேய்ந்த முகங்களைச் சீவி எடுத்துவிட்டு, உலோகமும் கெட்டிப் பிளாஸ்டிக்கும் பொருத்துவதுதான் மூட்டு மாற்று ஆபரேஷன். 1960-களின் இறுதியில் இங்கிலாந்தில் ஃபிராங்க் கன்ஸ்டன் என்ற டாக்டர் இக்காலத்து முறைக்கு வழி திறந்தார். 1974-ல் நியூயார்க்கில் ஜான் இன்சால் என்பவரும் அவருடைய தோழர்களும் பொருத்தத் தொடங்கிய மூட்டு, இன்றைய மூட்டுகளுக்கு முன்மாதிரி ஆயிற்று. இன்று பொருத்தும் மூட்டு பெரும்பாலோருக்குப் பதினைந்து, இருபது ஆண்டுகள், அதற்கு மேலும் உழைக்கிறது. ஆகவே மூட்டைப் பற்றிய கவலை குறைவு. அதை ஆட்டி வைக்கும் தசையைப் பற்றித்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

ஏன் தெரியுமா? ஆபரேஷன் ஆனவுடன் முழங்கால் வீங்குகிறது, வலிக்கிறது. வீக்கமும் வலியும் சேர்ந்து, தொடைத் தசைக்கு மூளையிலிருந்து வரும் கட்டளையைத் தடுத்து விடுகின்றன. 'காலைத் தூக்கு' என்று மனம் சொல்லுகிறது, தசை கேட்பதில்லை. மூட்டு மாற்றிய முதல் மாதத்தில் அந்தத் தசை முன்பிருந்த பலத்தில் பாதிக்கும் மேல் இழந்து விடுகிறது. எங்கள் அம்மாள் மறுநாள் காலையில் காலைத் தூக்கப் பார்த்தார். கால் அசையவில்லை. 'ஐயோ, கால் போச்சே!' என்று அழுதுவிட்டார். கால் போகவில்லை, தசை அயர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். இதை முன்கூட்டியே யாராவது அவருக்குச் சொல்லியிருந்தால் அந்த அழுகை மிச்சமாகியிருக்கும். அதனால்தான் உங்களுக்கு இன்று சொல்லுகிறோம்.

இனி, முதல் நாட்களில் செய்ய வேண்டியவை.

ஆபரேஷன் நடந்த அன்றோ மறுநாளோ எழுந்து நிற்கச் சொல்லுவார்கள். பயப்படாதீர்கள். மாற்றிய மூட்டு பெரும்பாலும் அன்றே உடல் பாரத்தைத் தாங்கும். தசைநார், சவ்வு முதலியவற்றைத் தைத்தவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. எவ்வளவு பாரம் வைக்கலாம் என்று டாக்டர் சொல்லுகிறாரோ அவ்வளவுதான் வைக்க வேண்டும். ஆகவே பக்கத்துப் படுக்கைக்காரரைப் பார்த்து நாமும் அப்படியே செய்யக் கூடாது.

படுத்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் ஆட்ட வேண்டும். விழித்திருக்கும் நேரமெல்லாம், மணிக்கொரு தரம் பத்துப் பதினைந்து முறை ஆட்டலாம். அது கெண்டைக்காலில் இரத்தம் தேங்கிக் கட்டியாகாமல் காக்க உதவும். அடுத்தது, முழங்காலின் பின்புறத்தைப் படுக்கையோடு அழுத்தி, தொடைத் தசையை இறுக்கி, ஐந்து எண்ணும் வரை வைத்திருந்து விட வேண்டும். மூன்றாவது, காலை மடக்காமல் நேராக ஓர் அடி உயரம் தூக்கி, மெல்ல இறக்க வேண்டும். நான்காவது, குதிகாலைப் படுக்கையில் இழுத்தபடி முழங்காலை மடக்கி நீட்ட வேண்டும். பார்வைக்கு இவை குழந்தை விளையாட்டுப் போலத் தோன்றும். முதல் வாரத்தில் செய்து பார்த்தால் நெற்றி வேர்க்கும்!

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. நம் வீடுகளில் அன்பு அதிகம். ஆபரேஷன் செய்த காலைப் பார்த்தவுடன் மருமகள் ஓடி வந்து முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணையை வைப்பாள். சுகமாகத்தான் இருக்கும். ஆனால் அப்படி மடங்கியே கிடக்கும் முழங்கால், பிறகு முழுவதும் நிமிர மறுக்கும். நிமிராத காலோடு நடந்தால் நொண்டத்தான் வேண்டும், இடுப்பும் வலிக்கும். அம்மாள் நான்கு நாள் அப்படிப் படுத்திருந்தார். அதை நிமிர்த்த நான்கு வாரம் ஆயிற்று. தலையணை வைக்க வேண்டுமானால் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முழங்கால் தன் பாரத்தால் தானே நிமிரும்.

மடக்குவதற்கும் ஒரு கணக்கு உண்டு. சமதரையில் நடக்க ஏறத்தாழ 60 முதல் 70 பாகை வரை மடங்கினால் போதும். படி ஏறவும் நாற்காலியில் வசதியாக உட்கார்ந்து எழவும் 90 பாகையாவது வேண்டும். முழுவதும் குந்த வேண்டுமானால் 120-க்கும் மேல் வேண்டும். ஆகவே முதல் சில வாரங்களில் எட்ட வேண்டிய குறி, முழு நிமிர்வும் 90 பாகை மடக்கும். பிசியோதெரபி தரும் பெண் ஒவ்வொரு முறையும் அளந்து எழுதுவார். அந்த எண்ணை நீங்களும் கேட்டுத் தெரிந்து, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தோட்டத்தில் நம் பாலின் எடையைக் கிராணி எழுதும்போது எட்டிப் பார்த்தோம் அல்லவா? அதே அக்கறை இதிலும் வேண்டும்.

வலியைப் பற்றி ஒரு வார்த்தை. 'மாத்திரை சாப்பிட்டால் உடம்புக்குக் கெடுதல், பல்லைக் கடித்துக்கொண்டு இருப்போம்' என்பது நம்மவர் பலருடைய எண்ணம். இது தவறு. வலி மிகுந்தால் பயிற்சி நிற்கும். பயிற்சி நின்றால் மூட்டு விறைக்கும். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை அளவாக, பயிற்சிக்கு அரைமணி முன்னதாகச் சாப்பிட்டுவிட்டுச் செய்வது புத்திசாலித்தனம். பயிற்சி முடிந்ததும் பனிக்கட்டியைத் துணியில் சுற்றிப் பதினைந்து, இருபது நிமிஷம் வைத்தால் வீக்கம் குறையும். தைலம் போட்டு அழுத்தித் தேய்ப்பது, நாட்டுக் கட்டுப் போடுவது ஆகியவற்றைப் புண் ஆறும் வரை அண்ட விடாதீர்கள்.

சில அறிகுறிகளை மட்டும் அலட்சியம் செய்யக் கூடாது. கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தாலும், காய்ச்சல் வந்தாலும், தையலில் சீழோ நீரோ கசிந்தாலும், அன்றே டாக்டரிடம் போக வேண்டும். நெஞ்சு வலித்தாலோ மூச்சுத் திணறினாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 995-க்குப் போன் செய்து ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

படி ஏறுவதற்கு ஒரு விதி: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோவுக் கால் முதலில். ஊன்றுகோல் நோவுக் காலோடு சேர்ந்தே போகும். எங்கள் கப்பல் பட்டறைத் தோழர் இதை மாற்றிச் செய்து, இரண்டாம் படியிலேயே கைப்பிடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். வீட்டில் கால் தடுக்கும் மிதியடிகளைச் சுருட்டி வையுங்கள். குளியலறையில் கைப்பிடி பொருத்துங்கள். முதியோர் இருக்கும் வீவக வீடுகளுக்குச் சலுகை விலையில் கைப்பிடி பொருத்தித் தரும் திட்டம் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குவது நம் பொறுப்பு.

தோழர்களே! இதுவரை சொன்னது அசைவைப் பற்றி. இனிப் பலத்தைப் பற்றிச் சொல்லுவோம்.

இரண்டாம் உலக யுத்தத்தின் கடைசிக் காலம். சிகாகோ நகரத்து இராணுவ ஆஸ்பத்திரியில், முழங்காலும் தொடையும் அடிபட்ட சிப்பாய்கள் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தார்கள். லேசான பயிற்சியை நூற்றுக்கணக்கான தடவை செய்யச் சொல்லுவதே அக்கால வழக்கம். தசை தேறவில்லை. அங்கிருந்த தாமஸ் டெலார்ம் என்ற இளம் டாக்டர், தாமே பாரம் தூக்கிப் பழகியவர். அவர் வழக்கத்தை மாற்றினார். தடவையைக் குறைத்தார், பாரத்தைக் கூட்டினார். சிப்பாயின் காலில் இரும்புக் காலணியைக் கட்டி அதில் எடையை ஏற்றினார். பத்து முறை தூக்க முடிகிற அதிகபட்ச எடை எது என்று பார்த்து, தசை தேறத் தேற அதையும் கூட்டிக்கொண்டே போனார். தேறாத தொடைகள் தேறின. 1945-ல் அவர் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். பிறகு, முதலில் பாதி எடை, அடுத்து முக்கால், கடைசியில் முழு எடை என்று ஒவ்வொன்றையும் பத்துப் பத்து முறை தூக்கும் முறை வகுக்கப்பட்டது. இன்று உலகமெங்கும் ஆஸ்பத்திரிகளில் தரும் பலப் பயிற்சிக்கு அதுவே அடிப்படை.

இதில் நமக்கு என்ன பாடம்? ஒரே பயிற்சியை ஒரே அளவில் ஆறு மாதம் செய்தால் தசை வளராது. சிறுகச் சிறுகப் பாரத்தைக் கூட்ட வேண்டும். இதற்கு இயந்திரம் வேண்டியதில்லை. அம்மாள் ஒரு துணிப்பையில் அரைக்கிலோ அரிசியைக் கட்டிக் கணுக்காலில் தொங்கவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினார். இரண்டு வாரம் கழித்து முக்கால் கிலோ. அப்புறம் ஒரு கிலோ. பேரப்பிள்ளைகள், 'பாட்டி அரிசி தூக்குறாங்க' என்று சிரித்தார்கள். மூன்றாம் மாதத்தில் பாட்டி யார் கையையும் பிடிக்காமல் நாற்காலியிலிருந்து எழுந்தார். அப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. ஆனால் புண் ஆறி, பிசியோதெரபி தருபவர் 'சரி' என்று சொன்ன பிறகே பாரம் கட்ட வேண்டும். தசைநார் தைத்த காலுக்குச் சில பயிற்சிகள் பல மாதம் ஆகாது. ஆகவே கேட்காமல் ஒன்றையும் தொடங்காதீர்கள்.

நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதும் அரிய பயிற்சிதான். முதலில் கையூன்றி எழலாம். பிறகு கைகளைக் கட்டிக்கொண்டு எழ வேண்டும். பிறகு இன்னும் தாழ்ந்த நாற்காலி. அதன்பின் குளத்தங்கரை நடைபாதைக்கு வாருங்கள். காலையில் அங்கே எங்களைப் பார்க்கலாம். முதல் நாள் ஒரு பெஞ்சிலிருந்து அடுத்த பெஞ்சு வரை நடந்தோம். சீன முதியவர் ஒருவரும் மலாய் மாக்சிக் ஒருவரும் அதே காரியத்துக்காக அங்கே வருகிறார்கள். ஒருவர் மொழி ஒருவருக்குச் சரியாகத் தெரியாது. முழங்காலைத் தொட்டுக் காட்டினால் போதும், பேச்சு முடிந்துவிடும்!

எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்பீர்கள். மூட்டு மாற்றியவர்கள் பெரும்பாலும் ஆறு வாரத்தில் கைத்தடியோடு சுமாராக நடமாடுவார்கள். மூன்று மாதத்தில் அன்றாட வேலைகள் கைக்கு வரும். முழு பலம் வர ஒரு வருஷம் வரை ஆகலாம். தசைநாரைப் புதிதாக வைத்தவர்கள் கடின வேலைக்கும் ஓட்டத்துக்கும் திரும்ப ஒன்பது மாதம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். கோவிலில் சம்மணம் போட்டு உட்கார முடியுமா, பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். சிலரால் முடியும், பலருக்கு நாற்காலிதான். மாற்றிய மூட்டோடு தினமும் பாரம் சுமந்து குந்தி எழும் வேலைக்குத் திரும்புவதை டாக்டர்கள் பொதுவாக விரும்புவதில்லை. தாழ்ந்த பட்டையில் மரம் வெட்டும் தோழர் ஒருவர் இந்த ஆபரேஷனுக்குப் போகுமுன், திரும்பி வந்தால் என்ன வேலை என்பதை நிர்வாகத்தோடு பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது. அவருக்காகச் சங்கம் பேச வேண்டிய இடமும் அதுவே.

இப்போது எங்கள் தம்பியின் கதைக்கு வருகிறோம். அவருக்கு ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. வாரம் ஒருமுறை பிசியோதெரபிக்கு வரச் சொல்லிச் சீட்டுக் கொடுத்தார்கள். தங்குவிடுதியில் அவருடைய படுக்கையோ மேல்தட்டில்; அறையோ மேல்மாடியில். நிறுவனத்தின் பெயரைச் சொல்ல நாங்கள் விரும்பவில்லை. அங்கிருந்த மேற்பார்வையாளர் சொன்னாராம்: 'கால்ல தையல் பிரிச்சாச்சு இல்ல? இன்னும் என்ன ஆஸ்பத்திரி? சும்மா உட்கார்ந்து எண்ணிக்கை எழுது.' இலகு வேலை என்ற பெயரில் நாள் முழுதும் நின்று கம்பி எண்ண வைத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி இல்லை. ஏதாவது சொன்னால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். ஊரில் ஏஜெண்டுக்குக் கொடுத்த கடன் வேறு. தம்பி வாயைத் திறக்கவில்லை. இரண்டு மாதத்தில் நாலு முறைதான் பிசியோதெரபிக்குப் போனார். முழங்கால் 70 பாகையோடு நின்றுவிட்டது.

சட்டம் அவர் பக்கம் இருந்தது. அது அவருக்குத் தெரியவில்லை. ஆகவே எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். சிங்கப்பூரில் 1975-ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம், 2008-ல் வேலையிடக் காயத்துக்கான இழப்பீட்டுச் சட்டமாக விரிந்தது. இப்போது நடப்பில் இருப்பது, 2019-ல் இயற்றப்பட்டு 2020 செப்டம்பர் 1-ல் அமலுக்கு வந்த புதிய சட்டம். வேலையில் ஏற்பட்ட விபத்தானால், உள்ளூர்த் தொழிலாளி, வெளிநாட்டுத் தொழிலாளி என்ற பேதமில்லை. யார் மீது தவறு என்று நிரூபிக்க வேண்டியதும் இல்லை. மருத்துவ விடுப்பில் முதல் 14 நாளுக்கும், ஆஸ்பத்திரி விடுப்பானால் முதல் 60 நாளுக்கும் முழுச் சம்பளம். அதற்குப் பின் மூன்றில் இரண்டு பங்கு. விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டு வரை. வைத்தியச் செலவும் சட்டம் வகுத்த உச்சவரம்பு வரை முதலாளியைச் சேர்ந்தது. பிசியோதெரபியும் அந்தச் செலவில் அடங்கும்! 2020 முதல், டாக்டர் 'இலகு வேலை' என்று எழுதிக் கொடுத்த நாட்களும் இந்தச் சம்பளக் கணக்கில் சேருகின்றன. வீட்டுப் பணிப்பெண்களுக்கும் சுயதொழில் செய்வோருக்கும் இச்சட்டம் பொருந்தாது.

மலேசியத் தோட்டங்களில் இருக்கும் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே 1969-ஆம் ஆண்டின் சொக்சோ சட்டப்படி, வேலை விபத்தால் தற்காலிகமாக உடல் முடங்கும் நாட்களுக்கு, கணக்கிட்ட தினச் சம்பளத்தில் 80 சதவீதம் உண்டு. 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளரும் இதில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். உடல் தேறுவதற்கென்றே மலாக்காவில் சொக்சோ நிறுவிய மறுவாழ்வு மையமும் 2014 முதல் இருக்கிறது.

ஆனால் சட்டப் புத்தகத்தில் இருக்கும் உரிமை, தானே நடந்து நம் அறைக்கு வராது. தம்பிக்கு வழி காட்டியது இன்னொரு தொழிலாளிதான். லிட்டில் இந்தியாவில், காயம்பட்டு வேலையில்லாமல் இழப்பீட்டுக்குக் காத்திருக்கும் தொழிலாளருக்கு ஒரு தொண்டு நிறுவனம் 2008 முதல் இலவசச் சாப்பாடு அளித்து வந்திருக்கிறது. அப்படிப்பட்ட பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் தம்பியின் நடையைப் பார்த்துவிட்டு, 'தம்பி, உன் கால் மடங்கலியே, பயிற்சிக்குப் போறியா?' என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில்தான் எல்லாம் திறந்தது. புகார் எழுதப்பட்டது. மனிதவள அமைச்சுக்கு விஷயம் போயிற்று. தவறிய சிகிச்சை திரும்பக் கிடைத்தது. கால் இன்று 110 பாகை மடங்குகிறது. ஆனால் முதல் இரண்டு மாதத்தில் இழந்தது முழுவதும் திரும்பவில்லை. சாரத்தில் ஏற அவருக்கு இனி அனுமதி இல்லை. இதை அவர் சம்மதத்தோடுதான் சொல்லுகிறோம். 'அண்ணே, என் கதையச் சொல்லுங்க, இன்னொருத்தன் கால் பிழைக்கட்டும்' என்று அவரே சொன்னார்.

இன்னொரு அநீதி நம் வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. ஆண்பிள்ளைக்கு ஆபரேஷன் என்றால் மனைவி விடுப்பெடுத்து அருகில் இருக்கிறாள். மனைவிக்கு ஆபரேஷன் என்றால், பத்தாம் நாளே அவள் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு அடுப்படியில் நிற்கிறாள். நிற்பது பயிற்சி ஆகாது. நெடுநேரம் நின்றால் வீக்கந்தான் ஏறும். அம்மாளுடைய மகன் முதல் ஆறு வாரம் சமையலைத் தாமே ஏற்றுக்கொண்டார். சாம்பாரில் உப்புக் கூடிற்று, குழம்பு கருகிற்று. ஆனால் அம்மாளின் முழங்கால் நிமிர்ந்தது! வீட்டு ஆண்மக்களே, இந்தக் காரியத்தில் நீங்களும் அந்த மகனைப் போல நடந்துகொள்ள வேண்டுகிறோம். ஒரு நாளைக்கு மூன்று முறை, இருபது நிமிஷம், அந்தத் தாய் ஒரு வேலையும் இல்லாமல் தன் காலுக்காக மட்டும் உட்காரட்டும்.

தோழர்களே! நம் வாழ்வு இதுவரை கை கால்களை நம்பித்தான் நடந்திருக்கிறது. ஆனால் கத்தி மழுங்கினால் உடனே தீட்டும் நாம், நம் உடம்பு பழுதானால் 'விதி' என்று விட்டுவிடுகிறோம். அந்தப் பழக்கம் போக வேண்டும். உங்கள் மாடியில், உங்கள் விடுதியில், உங்கள் லயத்தில் யாராவது முழங்கால் ஆபரேஷன் செய்து வந்திருந்தால், பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போவதோடு நிறுத்தாதீர்கள். 'கால் எத்தனை பாகை மடங்குகிறது? பிசியோதெரபிக்குப் போகிறாயா? விடுப்புச் சம்பளம் வருகிறதா?' என்று மூன்று கேள்வி கேளுங்கள். எங்கள் தம்பிக்கு அந்தக் கேள்வி இரண்டு மாதம் தாமதமாக வந்தது. இன்னொருவருக்கு அப்படித் தாமதமாக வேண்டாம்.

கூட்டம் முடிந்ததும் நாங்கள் இங்கேயே இருப்போம். ஆபரேஷனுக்கு நாள் குறித்திருப்பவர்கள், செய்துகொண்டவர்கள், பயந்துகொண்டிருப்பவர்கள் எல்லோரும் வந்து பேசலாம். நாளைக் காலை ஏழு மணிக்குக் குளத்தங்கரையில் நடக்கிறோம். வர முடிந்தவர்கள் வாருங்கள், மெதுவாகத்தான் நடப்போம்.